மண்ணுக்குப் பட்ட கடன்: இந்தியப் பழங்குடி மக்களின் அறுவடை விழாக்கள் எழுப்பும் ஓர் அறவினா

உழைத்தவனுக்கே விளைவு உரியது என்பது நவீன உலகம் பெரிதும் விவாதமின்றி ஏற்றுக்கொண்ட அறக்கோட்பாடுகளுள் ஒன்றாகும். 1689 இல் வெளிவந்த அரசாட்சி பற்றிய தமது ஆய்வுரைகளில் ஆங்கில மெய்யியலாளரான ஜோன் லொக் இதற்குத் தெளிவான தர்க்க வடிவம் கொடுத்தார். மனிதனின் உடல் அவனுக்குரியது. உடலின் உழைப்பும் அவனுக்குரியது. ஆதலின் அவ்வுழைப்பு எப்பொருளோடு கலக்கின்றதோ அப்பொருளும் அவனுக்குரியதாகின்றது என்பது அவரது வாதமாகும். பிறருக்கும் போதிய அளவு எஞ்சியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை அவர் விதித்தாரெனினும், உழைப்பே உரிமையின் ஊற்று என்னும் கருத்தே பிற்காலச் சிந்தனையில் நிலைபெற்றது. மரத்தடியிற் கிடந்த கனியைக் குனிந்து பொறுக்கிய அக்கணமே அது பொறுக்கியவனின் உடைமையாகிவிடுகின்றது. உழைப்புக்கும் நுகர்வுக்கும் இடையில் வேறெதுவும் நிற்க வேண்டிய அவசியம் இக்கோட்பாட்டில் இல்லை.

இந்தியப் பழங்குடி மக்களின் அறுவடை விழாக்களை நோக்குமிடத்து, உழைப்புக்கும் நுகர்வுக்கும் இடையில் ஒன்று நிற்பதைக் காணலாம். காட்டைத் திருத்தியவனும், விதைத்தவனும், இரவிற் காவல் இருந்து விலங்குகளை விரட்டியவனும் அவனேயாயினும், விளைந்த கதிரை அவன் உடனே உண்ணுதல் கூடாது. மண்ணுக்கும் கதிரவனுக்கும் முன்னோருக்கும் படைத்த பின்னரே அவன் உண்ணலாம். படையல் நிகழும்வரை விளைவு அவனது நிலத்தில் நின்றபோதிலும் அவனுடையதன்று. உழைத்தவனை உண்ணவிடாது தடுத்துநிறுத்தும் இவ்விதிக்கு அறவியல் நோக்கில் ஏதேனும் நியாயம் உண்டா? அன்றி அது அறியாமையின் எச்சந்தானா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்விதி நிலவும் முறையினைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமானது. சோட்டாநாகபுரி மேட்டுநிலத்தில் வாழும் ஓராவோன், முண்டா, ஹோ ஆகிய மக்களிடையே சர்கூல் எனப்படும் வசந்த விழா முக்கியமானது. ஊர் அமைக்கும்பொருட்டுக் காடு வெட்டப்பட்டபோது வெட்டாது விடப்பட்ட ஆதிக்காட்டின் எச்சமாகக் கருதப்படும் 'சர்ணா' என்னும் மரச்சோலையிலே சால மரங்கள் பூக்கும் காலத்தில் இவ்விழா நிகழும். 'பாகன்' எனப்படும் ஊர்ப் பூசகர் புதுநீர் நிறைந்த மட்குடங்களை அங்கு வைத்து, மறுநாள் அவற்றின் நீர்மட்டத்தைக் கொண்டு அவ்வாண்டின் மழையைக் கணிப்பார். ஓராவோன் மக்கள் இவ்விழாவைக் கதிரவனுக்கும் பூமிக்கும் நடைபெறும் திருமணமாகக் கருதுவர். இவ்விழா நிறைவேறுமுன் புதிய பூக்களைச் சூடுவதும் அப்பருவத்தின் புதிய காய்கனிகளை உண்பதும் விலக்கப்பட்டுள்ளன.

சந்தால் மக்களின் ஆண்டு வட்டம் இதனினும் நுணுக்கமானது. விதைப்புக்கு ஒரு விழா. நாற்றுப் பசுமையுறும்போது ஒரு விழா. இரி, குந்தலி ஆகிய சிறுதானியங்கள் முற்றும்போது புதிதுண்ணும் 'நவாய்' விழா. மாரிநெல் விளையும்போது 'ஜாந்தார்' என்னும் முதற்கதிர் விழா. அறுவடை முடிந்தபின் மாடுகளைச் சிறப்பிக்கும் 'சோராய்' விழா என ஒவ்வொரு விளைவும் தனக்குரிய படையலின் வழியாகவே மனிதனை வந்தடைகின்றது. பஸ்தர் பகுதியிற் கோண்டர் குலத்தினர் 'பண்டும்' எனப்படும் விழாக்களை இவ்வாறே கொண்டாடுவர். மாம்பழத்துக்கெனத் தனியாக ஒரு பண்டும் உண்டு. அது நிகழுமுன் மாங்கனி உண்ணப்படுவதில்லை. மேகாலயத்தின் காரோ மக்கள், ஜூம் எனப்படும் சேனைப் பயிர்ச்செய்கையின் விளைவை, செழிப்பின் தெய்வமாகிய மிசி சால்ஜோங்குக்கு 'வங்கலா' விழாவிற் படைக்குமுன் நுகர்தல் கூடாது என்பது அவர்தம் பழைய மரபாகும்.

இம்மக்களின் மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தனவல்ல. முண்டாரியும் சந்தாலியும் ஆசுத்திரோ-ஆசியக் குடும்பத்தின. காரோ மொழி திபெத்து-பர்மியக் குடும்பத்தது. ஓராவோன் மக்களின் குருக் மொழியும் கோண்டி மொழியும் தமிழைப் போன்று திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தன. மொழியாலும் நிலத்தாலும் வேறுபட்ட மக்களிடையே ஒரே விதி காணப்படுவதை நோக்கும்போது, அதனை ஓர் இனத்தின் தனிப்பட்ட வினோதமாகக் கொள்ளுதல் இயலாது. ஈழத்துக் கமக்காரர் தைப்பூசத்திற் புதிர் எடுக்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு இவ்விதி முற்றும் அந்நியமானதாகவும் தோன்றாது.

இவ்விதிக்கு அறிஞர் கூறிய விளக்கங்கள் மூவகைப்படும். முதலாவது, பிரித்தானிய மானிடவியலாளர் எட்வேட் ரைலரின் வழிவந்தது. 1871 இல் வெளியான 'ஆதிப் பண்பாடு' என்னும் நூலில் அவர், உயிரற்றவற்றிலும் ஆவியைக் காணும் ஆன்மவாதத்தைத் தவறான காரண காரிய அறிவாகவே விளக்கினார். இதன்படி படையல் என்பது கண்காணாச் சக்திக்குக் கொடுக்கும் கையூட்டு அல்லது பேரமாகும். இரண்டாவது பொருள்முதல்வாத விளக்கமாகும். தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் 1959 இல் வெளியிட்ட 'லோகாயத' என்னும் நூலில் வேளாண்மைச் சடங்குகளை உற்பத்தி முயற்சியோடு இணைந்த மாந்திரிகமாக நோக்கினார். சடங்கு உழைப்புக்குப் புறம்பானதன்று, அதன் ஒரு கூறே என இவ்விளக்கம் உணர்த்தியது. மூன்றாவது, அண்மைக் காலத்திற் பெருவழக்காகியுள்ள சூழலியல் விளக்கமாகும். பழங்குடியினர் இயற்கையின் காவலர். காய் முற்றுமுன் பறிப்பதைத் தடுத்து விதையைப் பேணுதற்கே இவ்விதிகளை அவர்கள் வகுத்தனர் என்பது இதன் சாரம்.

இம்மூன்றிலும் உண்மையின் கூறுகள் உள்ளன. மழையை வேண்டிச் செய்யும் பலியிற் பேரம் இல்லையெனக் கூறமுடியாது. ஊர் முழுவதும் ஒரே நாளில் ஆடிப்பாடும் கூட்டுணர்வு அடுத்த பருவத்து உழைப்புக்கு உரமூட்டுவதும், முற்றுமுன் பறியாமையால் விதை காக்கப்படுவதும் மெய்யே. ஆயினும் மூன்று விளக்கங்களும் ஒரு விதி ஏன் தோன்றியது என்னும் வினாவுக்கே விடை கூறுகின்றன. அதனைக் கைக்கொள்பவன் எதன்பொருட்டுக் கைக்கொள்கின்றான் என்னும் வினா அவற்றிற் கேட்கப்படவில்லை. ஒரு விதியின் காரணம் வேறு, அதன் நியாயம் வேறு. பொய்யுரையாமை சமூகம் சிதறாது இருக்க உதவுகின்றது என்பதால், உண்மை பேசும் ஒவ்வொருவரும் சமூக நிலைபேற்றைக் கணக்கிட்டே பேசுகின்றனர் எனக் கொள்ளலாமா? புதிய கனியை வாய்க்கருகிற் கொண்டுசென்று, இன்னும் படைக்கவில்லையே எனக் கையைத் தாழ்த்தும் சிறுமி விதைப் பாதுகாப்பைப் பற்றி எண்ணுவதில்லை. இது இன்னும் எனக்குரியதாகவில்லை என்றே அவள் எண்ணுகின்றாள்.

இவ்வெண்ணத்திற் பொதிந்துள்ள அறிவு, அதனைச் சூழ்ந்துள்ள தெய்வக் கதைகள் மெய்யோ பொய்யோ என்பதிற் தங்கியிருக்கவில்லை. விதைத்தவன் மழையைப் பெய்விக்கவில்லை. மண்ணின் வளத்தை ஆக்கவில்லை. விதையை முதன்முதற் கண்டுபிடித்தவனும் அவனல்லன். விளைவுக்கு அவன் ஒரு காரணமேயன்றி முழுக் காரணம் ஆகான். உழைப்பே எல்லாச் செல்வத்துக்கும் ஊற்று என்னும் கூற்றை 1875 இல் கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனத்திற் கால் மாக்ஸ் மறுத்து, இயற்கையும் உழைப்பைப் போன்றே பயன்பெறுமதிகளின் ஊற்றாகும் எனச் சுட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது. தான் முழுதும் ஆக்காத ஒன்றை முழுதும் தனதெனக் கொள்ளாமை என்பதே படையலின் அறிவுக்கூறு. அவ்வறிவை வெறும் கருத்தாக விடாது, பசியோடு காத்திருக்கும் ஒரு செயலாக்குவதே அதன் அறக்கூறு. நன்றியைச் சொல்லாற் கூறுதல் எளிது. புதிய தானியம் கண்ணெதிரே முற்றி நிற்கப் பழைய தானியம் தீர்ந்த வீட்டிற் காத்திருத்தல் எளிதன்று.

இவ்விடத்திலேதான் முதலாவது சிக்கல் எழுகின்றது. காத்திருத்தல் எல்லார்க்கும் ஒன்றன்று. சந்தால் மக்களின் சிறுதானியங்கள் முற்றும் மழைக்காலத்தின் பிற்பகுதி, முன்னைய ஆண்டின் நெல் தீர்ந்து மாரிநெல் இன்னும் விளையாத பஞ்ச காலமாகும். குதிரில் நெல் மீந்துள்ளவனுக்கு விழாநாள் வரை காத்திருத்தல் ஒரு சடங்கு. குதிர் வெறுமையானவனுக்கு அது பட்டினி. விதி இருவர்க்கும் ஒன்றாயினும் அதன் சுமை ஒன்றன்று. ஆகவே மண்ணுக்குக் கடன்பட்டுள்ளோம் என்று உணர்வதோடு அறவினா முடிந்துவிடுவதில்லை. அக்கடனை யார் தீர்ப்பது என்னும் வினா அதனைத் தொடர்ந்தே எழுகின்றது. ஊர் முழுவதும் பகிர்ந்துண்ணும் விழாவாக நவாய் அமையும்போது இச்சுமையின் ஏற்றத்தாழ்வு ஓரளவு ஈடுசெய்யப்படுகின்றது. பகிர்வு குன்றிச் சடங்கு மட்டும் எஞ்சுமாயின், விதி ஏழையின்மேல் மட்டும் பாரமாகிவிடும்.

கடனை யார் தீர்ப்பது என்னும் இவ்வினாவின் கொடூரமான வடிவத்தை ஒடிசா மாநிலத்து மலைகளில் வாழும் கொந்தர் குலத்தின் வரலாறு காட்டுகின்றது. இவர்கள் மேலே கூறப்பட்ட கோண்டரின் வேறானவர். குயி, குவி என்னும் திராவிட மொழிகளைப் பேசுபவர். பூமித்தாயாகிய தாரி பென்னுவுக்கு, வயல் விளையும்பொருட்டு, 'மெரியா' எனப்படும் மனிதப் பலி இவர்களிற் சிலரிடையே கொடுக்கப்பட்டு வந்ததைப் பிரித்தானிய அதிகாரிகள் 1830 களில் அறிந்தனர். பலியானவரின் தசைத்துண்டுகள் வயல்களிற் புதைக்கப்பட்டன. இதனை ஒழித்தற்கென 1845 இல் மெரியா முகவரகம் நிறுவப்பட்டது. காலப்போக்கில் மனிதனுக்குப் பதிலாக எருமை பலியிடப்படலாயிற்று. பழங்குடியினரின் இயற்கை வழிபாட்டை மாசற்ற அறமாகப் போற்றும் எழுத்துக்கள் பெரும்பாலும் இவ்வத்தியாயத்தை மௌனமாகக் கடந்துவிடுகின்றன. அறவினாவை நேர்மையாக எழுப்புவோர் அவ்வாறு கடத்தல் தகாது.

இப்பலியில் ஒரு நிபந்தனை கூர்ந்து நோக்கற்பாலது. பலியாகும் மனிதன் விலைகொடுத்து வாங்கப்பட்டவனாக இருத்தல் வேண்டும். உன்னை நாங்கள் விலைகொடுத்து வாங்கினோம், ஆதலாற் பாவம் எம்மைச் சாராது என்னும் பொருள்படப் பலியிடுவோர் கூறியதாக அக்கால அறிக்கைகளிற் காணப்படுகின்றது. உண்பவன் மண்ணுக்குக் கடன்பட்டான். கடனைத் தீர்த்தவனோ அவ்வயலில் உண்ணும் உரிமையற்ற, வேற்றிடத்திலிருந்து வாங்கப்பட்ட ஒருவன். கடனுணர்வு அங்கே குறைவாக இருக்கவில்லை. ஒருவேளை மிகையாகவே இருந்தது. கடனைப் பிறர்மேற் சுமத்தியதும், சுமத்திய பழியை விலையால் ஈடுசெய்ய எண்ணியதுமே அங்கு நேர்ந்த அறப்பிழையாகும்.

ஈண்டு இரு செய்திகளை இணைத்து நோக்குதல் வேண்டும். முதலாவது, கொந்தர் அனைவரும் இதனை ஏற்றவரல்லர். கதிரவனாகிய பூரா பென்னுவை முதன்மையாக வழிபட்ட பிரிவினர் மனிதப் பலியை வெறுத்தனர் எனச் சாமுவேல் மக்பேசன் என்னும் அதிகாரியே எழுதியுள்ளார். ஆகவே இப்பலி பற்றிய அற விவாதம் அம்மலைகளில் அவர்களுக்குள்ளேயே இருந்தது. சோட்டாநாகபுரியிலும், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுச்சிக்குத் தலைமைதாங்கிய பிர்சா முண்டா, பல ஆவிகளுக்குப் பலியிடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தம்மவரிடமே கூறினார். பழங்குடி மரபு தன்னைத் தானே விசாரணை செய்யாத தேங்கிய மரபு என்னும் எண்ணம் இதனாற் தகர்கின்றது. இரண்டாவது, பலியை ஒழிக்கச் சென்ற ஆட்சியின் கைகளும் தூயனவல்ல. இப்படையெடுப்புகளின்போது ஊர்கள் எரிக்கப்பட்டன. கொந்தர் பற்றி 1995 இல் நூல் வெளியிட்ட பிலிக்ஸ் பேடல் என்னும் மானிடவியலாளர், ஒரு மக்களை ஆட்சிக்குட்படுத்திய செயலிலும் ஒருவகை நரபலி இருந்ததெனக் காட்ட முயன்றார். அவரது ஒப்புமையை முற்றாக ஏற்காதவரும் அதிலுள்ள வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது.

அவ்வினா அதே மாநிலத்தில், அதே குலத்தின் ஒரு பிரிவினரிடையே, இந்நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. நியாம்கிரி மலைத்தொடரில் வாழும் டோங்கிரியா கொந்தர், அம்மலையை 'நியம ராஜா' என்னும் தெய்வத்தின் உறைவிடமாகக் கொள்பவர். மலையுச்சியில் உள்ள பொக்சைற்றுக் கனிமத்தை அகழ்ந்து அலுமினியம் எடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டு, மலையடிவாரத்தில் லாஞ்சிகட் என்னுமிடத்திற் சுத்திகரிப்பு ஆலையும் கட்டப்பட்டது. நீண்ட வழக்கின் பின்னர் 2013 ஏப்பிரல் 18 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், அகழ்வு அம்மக்களின் வழிபாட்டுரிமையைப் பாதிக்குமா என்பது உட்பட, 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழான கோரிக்கைகளைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கூடிய 12 கிராம சபைகளும் அகழ்வை நிராகரித்தன. 2014 சனவரியில் மத்திய அரசின் சுற்றாடல் அமைச்சும் அனுமதியை மறுத்தது.

இந்நிகழ்ச்சியைத் தெய்வ நம்பிக்கைக்கும் தொழில் வளர்ச்சிக்கும் இடையிலான மோதலாக மட்டும் நோக்கின் அதன் அறப்பொருள் புலனாகாது. அலுமினியத்தை நுகர்வோர் தொலைவில் உள்ள நகரத்தார். அதற்காகத் தம் ஊற்றுநீரையும் அன்னாசி, மஞ்சள் விளையும் சரிவுகளையும் இழக்கவேண்டியிருந்தோர் மலையில் வாழ்ந்தவர். உண்பவன் ஒருவன், கடன் தீர்ப்பவன் மற்றொருவன். இவ்வாறான திட்டங்களுக்கு உலகெங்கும் கூறப்படும் சமாதானம் இழப்பீடு வழங்கப்படும் என்பதாகும். விலை கொடுத்தோம், ஆதலாற் பாவம் எம்மைச் சாராது என்னும் மெரியாவின் வாசகமே இங்கு அலுவலக மொழியில் ஒலிக்கின்றதெனின் அது மிகையன்று. பழங்குடியினரின் பலியைக் காட்டுமிராண்டித்தனம் என்ற நாகரிகம், அப்பலியின் தர்க்கத்தைத் தன் கணக்குப் புத்தகங்களிற் பேணி வந்துள்ளது. பலிபீடத்தை எருமைக்கு மாற்றிக்கொண்ட மலைவாசிகளோ, அவ்விலையை வாங்க மறுத்தனர்.

எருமையின் நிலை என்ன என்று இங்கு ஒருவர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. பலியிடப்படும் விலங்கும் தான் பெறாத கடனைத் தன் உயிராற் தீர்க்கின்றது. உண்பவனே கடனைத் தீர்த்தல் வேண்டும் என்னும் அளவுகோலை இறுதிவரை கொண்டுசெல்லின், எருமைப் பலியும் அதன்முன் நிற்க இயலாது. முதற்கதிரைப் படைத்தலும், பசியோடு காத்திருத்தலும், விளைவைப் பகிர்தலும் அவ்வளவுகோலின்முன் நிமிர்ந்து நிற்கின்றன. இவற்றில் உண்பவன் தன் பசியிலிருந்தும் தன் பங்கிலிருந்துமே கொடுக்கின்றான். ஒரு மரபினுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை வெளியிலிருந்து வரும் அளவுகோலாலன்றி, அம்மரபின் மையக் கருத்தினாலேயே தீர்மானிக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இறுதியாக, நம்பிக்கை மறைந்த பின்னர் இவ்வறம் நிலைக்குமா என்பது எஞ்சியுள்ளது. காரோ மக்களிற் பெரும்பான்மையோர் இன்று கிறித்தவர். வங்கலா மரபு அழிந்துவிடாதிருத்தற்பொருட்டு 1976 இல் நூறு முரசு வங்கலா விழா தொடங்கப்பட்டது. முரசும் ஆட்டமும் அங்கு உள்ளன. ஆயினும் படைக்குமுன் உண்ணாமை என்னும் கட்டுப்பாடு, திரண்டு வந்து பார்ப்பவரைக் கட்டுப்படுத்துவதில்லை. மறுபுறம், 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 49 இலட்சம் மக்கள் தமது சமயத்தைச் 'சர்ணா' எனப் பதிவுசெய்தனர். 2020 நவம்பரில் ஜார்கண்ட் சட்டசபை அதற்குத் தனிக் குறியீடு வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்று விழாவைக் கலையாகவும், மற்றையது அடையாளமாகவும் பேணும் முயற்சி. இரண்டும் தேவையானவையே. ஆயினும் முரசொலியோ சமயப் பெயரோ மட்டும் அவ்விதியின் உயிரைத் தாங்கமாட்டா. தான் உண்பதற்கான கடனைத் தானே சுமக்கும் மனம் உள்ளவரையே அது வாழும். அம்மனத்துக்கு மிசி சால்ஜோங்கிலோ தாரி பென்னுவிலோ நம்பிக்கை இன்றியமையாததன்று. உண்ணும் சோற்றின் பின்னால் எந்த மண், எந்த நீர், எவருடைய உழைப்பு உள்ளன என்னும் அறிவும், அவ்வறிவின் முன் சற்றே கைதாழ்த்தி நிற்கும் பழக்கமும் போதுமானவை.

கடையில் விலை கொடுத்து வாங்கிய அரிசிக்கு எவரும் கடன்பட்டவராகத் தம்மை உணர்வதில்லை. விலையே கடனைத் தீர்த்துவிட்டது என்பது இன்றைய எண்ணம். விலையால் தீராத கடனும் உண்டு என்பதையே சால மரங்களின் கீழ் வைக்கப்படும் மட்குடங்களும், படையலுக்குக் காத்திருக்கும் முதற்கதிர்களும் நினைவூட்டுகின்றன. லொக்கின் மனிதன் மரத்தடியிற் குனிந்து கனியைப் பொறுக்குகின்றான், உரிமை பிறந்துவிடுகின்றது. பஸ்தர்க் காட்டின் மனிதனும் அதே கனியின்முன் நிற்கின்றான், பொறுத்திருக்கின்றான். அப்பொறுமை உழைப்பின் உரிமையை மறுப்பதில்லை. உரிமையைப் பெறுமுன் கேட்கவேண்டிய ஒரு கேள்விக்கு இடம் தருகின்றது. இதற்காக இழப்பவர் யார் என்பதே அக்கேள்வி. அதனைக் கேளாது உண்ணும் நாகரிகம் எத்துணை வளர்ந்ததாயினும், அதன் அறுவடை இன்னும் படைக்கப்படாத அறுவடையே.